குத்திய ஊசியை மறைக்க வேண்டாம்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் பலரின் வாழ்வு வைத்தியசாலைகளோடும் முதியோர் இல்லங்களோடும் பிணைந்துள்ளது. தாதியராகச் சிலரும், பராமரிப்பு உதவியாளராகப் பலரும், அதிகாலையின் முதல் தொடருந்தைப் பிடித்துச் சென்று தரை துடைத்துக் குப்பை அகற்றுவோராக இன்னும் பலரும் பணியாற்றுகின்றனர். இவர்கள் அனைவரதும் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆபத்து இருக்கின்றது. அதுதான் பாவித்து முடிந்த ஊசி.

நாம் அறிந்த சகோதரி ஒருவர் முதியோர் இல்லமொன்றில் துப்புரவுப் பணி செய்து வந்தார். நிரம்பிய குப்பைப் பையை உடலோடு அணைத்துத் தூக்கியபோது, உள்ளே கிடந்த ஊசி அவரது தொடையில் குத்தியது. தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராத காலம் அது. சொன்னால் வேலை போய்விடுமோ, வழக்குக்குப் பாதகமாகுமோ என அஞ்சி அவர் எவரிடமும் சொல்லவில்லை. நான்கு மாதங்கள் தன் கோப்பையைக்கூடப் பிள்ளைகள் தொடாதபடி விலகி வாழ்ந்தார். இறுதியில் இரத்தப் பரிசோதனை செய்தபோது நோய் எதுவும் இருக்கவில்லை. அச்சம் தின்ற அந்த நான்கு மாதங்களை யார் அவருக்குத் திருப்பிக் கொடுப்பது?

ஆபத்தின் அளவு

ஊசியின் துளையில் தங்கும் சிறிதளவு குருதி வழியாக முக்கியமாக மூன்று கிருமிகள் தொற்றக்கூடும். எச்.ஐ.வி. உள்ளவரின் குருதி பட்ட ஊசி குத்தினால், அது தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1000 இல் 3 மட்டுமே. ஈரலைத் தாக்கும் ஹெபரைற்றிஸ் பி கிருமியோ, தடுப்பூசி பெறாதவருக்கு 100 இல் 6 முதல் 30 வரை தொற்றவல்லது. உலர்ந்த குருதியிலும் அது 7 நாட்கள் உயிர்வாழும். ஆனால் இதற்குத் தடுப்பூசி உண்டு. ஹெபரைற்றிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. எனினும் இன்று சில வார மாத்திரைகளால் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். கோப்பையாலோ, ஒன்றாக உண்பதாலோ இம்மூன்றும் பரவுவதில்லை.

மூடியை மீண்டும் மாட்டாதீர்கள்

பாவித்த ஊசிக்கு மூடி மாட்டி வைப்பதே ஒழுங்கு என எம்மில் பலர் எண்ணுகின்றோம். உண்மையில், அவ்வாறு மாட்டும் கணத்திலேயே மற்றக் கையில் ஊசி குத்துகின்றது. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆம் ஆண்டின் பணிப்புரையில் இப்பழக்கத்தைத் தடைசெய்து, 2013 மே மாதத்துக்குள் அதனை நடைமுறைப்படுத்துமாறு உறுப்பு நாடுகளைப் பணித்தது.

ஊசி போட்டவரே அதனை உடனடியாக, வளைக்காமலும் கழற்றாமலும், துளைக்க முடியாத பெட்டியில் இட வேண்டும். பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் பூட்டிவிட வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள் பையைக் கையாலோ காலாலோ அமுக்காது, உடலிலிருந்து விலக்கி, கழுத்துப் பகுதியில் பிடித்துத் தூக்க வேண்டும். படுக்கை விரிப்புகளை அள்ளி அணைக்கக் கூடாது.

குத்திவிட்டால்

காயத்தைப் பிதுக்கவோ, வாயால் உறிஞ்சவோ வேண்டாம். ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நேரத்தைக் குறித்துக்கொண்டு, மேற்பார்வையாளருக்குத் தெரிவித்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். தேவையெனின் அதனைச் சில மணித்தியாலங்களுக்குள் தொடங்குவதே சிறந்தது. 72 மணித்தியாலங்கள் கடந்தால் பயன் இராது.

அன்றே எடுக்கும் இரத்தப் பரிசோதனைக்கு மற்றுமொரு பெறுமதி உண்டு. குத்திய நாளில் நோய் இருக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. பின்னாளில் நோய் வெளிப்பட்டால், அது வேலையால் வந்தது என நிறுவ அச்சான்றே உதவும். பிரான்சில் வேலைத்தல விபத்தை 24 மணித்தியாலங்களுக்குள் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். உங்கள் பரிசோதனை முடிவை இரகசியமாகப் பேண வைத்தியர் கடமைப்பட்டவர்.

எமது வீடுகளிலும்

நீரிழிவுக்கு இன்சுலின் ஏற்றும் பெற்றோர் எம்மிடையே ஏராளம். அவர்களின் ஊசிகளைக் கடதாசியில் சுற்றிச் சமையலறைக் குப்பையில் எறிந்துவிடுகின்றோம். அப்பையை நாளை தூக்குபவர் எம்மவர் ஒருவராகவே இருக்கலாம். பிரான்சில் இதற்கான மஞ்சள் பெட்டியை மருந்தகங்கள் இலவசமாக வழங்குகின்றன. பிரித்தானியாவில் குடும்ப வைத்தியர் அதனை எழுதித் தருவார். ஏனைய நாடுகளில் உள்ளோர் தமது மருந்தகத்தில் விசாரித்து அறியலாம்.

ஊசி குத்துவது எவருடைய குற்றமுமன்று. ஆகவே அதில் வெட்கத்துக்கு இடமில்லை. மௌனமே எம்மைத் தண்டிக்கின்றது. அச்சத்தை விடுத்து, அன்றே வாய் திறப்போம்.