ஊளையிட்ட ஜீப்

நான் பி.காம். போடிமெட்டு ஏறும் மாமாவின் பழைய ஜீப்புக்குக் கணக்கு எழுதுவதோடு சரி. ஒருநாள் வண்டி ‘ஊ...’ என்று ஊளையிட, “கியர்பாக்ஸை இறக்கணும்” என்றார் மெக்கானிக். மாமாவுக்கு வியர்த்துவிட்டது. ரெண்டு மாச வரும்படியாச்சே!

இன்னொரு பெரியவர் ஸ்பேனரையே தொடவில்லை. ஓட்டிப் பார்த்தார். எல்லா கியரிலும் அதே ஊளை. “கியர்பாக்ஸ்னா டாப்ல அடங்கணும் தம்பி. அதுல விசை நேரே போயிடும்.” குட்டி லீவரை லோவுக்குத் தள்ளினார், சுருதி மாறியது. “ஆக்ஸிலும் இல்லே. டிரான்ஸ்ஃபர் கேஸ்தான்!”

அடியில் படுத்து, அதன் ஆயில் பிளக்கைக் கழற்றி விரலை விட்டார். காய்ந்துபோய் வந்தது விரல். உள்ளே பேரிங் ஒன்று காலி. நல்லவேளை, பல்சக்கரங்கள் தப்பின.

கணக்கு நோட்டைப் புரட்டினேன். இன்ஜின் ஆயில் பக்கம் பக்கமாக இருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு வரி கிடையாது. மாமா நோட்டைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.