சரிநிகர் எதிராளி

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த உவர்மலையிலும் உட்துறைமுக வீதியிலும் மாலை வேளையில் செல்வோர் ஒரு காட்சியைக் காணலாம். மதிலோரத்தில் மாணவர் நால்வர் அமர்ந்திருப்பர். ஒருவர் முகத்தை ஒருவர் பாரார், ஆளுக்கொரு கைத்தொலைபேசி. எனினும் நால்வரும் ஓரணியாய் நின்று, முகமறியாத வேறு நால்வரோடு பொருதுகின்றனர். அந்நால்வர் கராச்சியில் இருக்கலாம், ஜகார்த்தாவிலும் இருக்கலாம். அவர்களைத் தேர்ந்து இவர்களுக்கு எதிரே நிறுத்தியவர் யார்? நம் மாணவரைக் கேட்டால், “அது தானாகவே நடக்கும், சேர்” என்பர். தானாக நடப்பதன்று; அதன் பின்னே நுட்பமான கணக்கொன்று உண்டு.

எதிராளியைத் தேரும் வேலை நம் முன்னோர் விளையாட்டிலும் இருந்தது. தமிழகத்துக் கிராமங்களில் சடுகுடு முதலிய ஆட்டங்களுக்கு அணி பிரிப்பதை ‘உத்தி பிரித்தல்’ என்பர். ஏறக்குறைய ஒத்த வலிமையுடைய இருவர் சோடி சேர்ந்து, சற்றே ஒதுங்கிச் சென்று மறைபெயர் சூட்டிக்கொள்வர். ஒருவன் சூரியன், மற்றவன் சந்திரன். பின்னர்த் தலைவர் இருவர் முன்னும் வந்து பெயரை மட்டும் கூறுவர். சூரியனை விரும்பிய தலைவனுக்குச் சூரியன், மற்றவனுக்குச் சந்திரன். யார் எப்பக்கம் சென்றாலும் இரு அணியும் நிறை ஒத்து நிற்கும். தனக்கு நிகரானவன் யார் என்பதைச் சிறுவனே அறிந்திருந்தான். அதுவே இம்முறையின் சிறப்பு.

முகமறியாதோர்க்கிடையே அவ்வறிவுக்கு இடமில்லை. அங்கே எண் வேண்டும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வோக்கி நகரில் பௌதிகப் பேராசிரியராய் இருந்த ஆர்பாட் எலோ (1903–1992) என்பார் சதுரங்க வீரர்க்கென அத்தகைய எண்ணொன்றை வகுத்தார். அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960இலும், உலகச் சம்மேளனம் 1970இலும் அதனை ஏற்றன. ஒத்த எண்ணுடைய இருவர் பலமுறை பொருதினால் ஆளுக்குப் பாதி வெற்றி. 200 மிகுந்தவருக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 76 பங்கு என்பது கணக்கு. வலியோனை வீழ்த்தினால் எண் நன்கு ஏறும். மெலியோனை வென்றால் சிறிதே. 2005இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் எக்ஸ்பொக்ஸ் 360 கருவிக்கென அமைத்த ‘ட்ரூஸ்கில்’ முறை, ஒருவரது திறமை இவ்வளவு என்னும் ஊகத்தோடு, அவ்வூகத்தில் உள்ள ஐயத்தின் அளவையும் சேர்த்தே குறித்துவைத்தது. புதியவரிடத்து ஐயம் மிகுதி. ஆட ஆட அது குறையும்.

இனி, நம் மாணவரின் மனக்குறைக்கு வருவோம். “இரண்டு மாதம் விடாது பழகினோம், இன்னும் பாதி ஆட்டம் தோற்கிறோமே!” என்கின்றனர். கணக்கு செம்மையாய் நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஊர்க் கழகத்தில் கரம் ஆடுபவன், நேற்றுவரை தன்னை வென்ற அண்ணனை இன்று வென்றால் கழகமே அறியும்; அவனும் தன் வளர்ச்சியை அறிவான். கைத்தொலைபேசியிலோ, வெல்லத் தொடங்கியதும் அந்த அண்ணன் அகற்றப்படுகிறான்; அவனிலும் வல்லான் ஒருவன் அவ்விடத்துக்கு வந்துவிடுகிறான். ஏறிய படி கண்ணுக்குத் தெரிவதில்லை. சதுரங்க வீரர் தம் எண்ணைத் தாமும் அறிவர், உலகும் அறியும். இவ்விளையாட்டுகள் பலவற்றிலோ அவ்வெண் மறைக்கப்பட்டுள்ளது. திரையில் மின்னும் பதக்கம் வேறு, உள்ளே இருக்கும் எண் வேறு. நிகரானவரோடு பொருத்துவது முறையே. எண்ணை உரியவனிடமிருந்தே மறைப்பதை நாம் முறையென்று கருதோம்.

முதல்நாள் ஆட்டத்திலேயே வாகை சூடியதாகப் பிள்ளை துள்ளிக் குதித்தால், பெற்றோர் ஒன்றை அறிதல் நலம். 2019இல் ‘போர்ட்நைட்’ விளையாட்டு, திறமைக்கேற்பப் பொருத்தும் முறையோடு, மனிதரைப் போல் நடமாடும் இயந்திர வீரரையும் களத்தில் இறக்கியது. ‘பப்ஜி’ கைத்தொலைபேசி ஆட்டத்திலும் இத்தகையோர் உண்டு. புதியவர் வீழ்த்தும் பகைவருட் பலர் அவர்களே.

நிறுவனங்கள் இதில் இத்துணை அக்கறை கொள்வது ஏன்? ‘கால் ஒஃப் டியூட்டி’ விளையாட்டை வெளியிடும் அக்டிவிஷன் நிறுவனம் தன் பரிசோதனை ஒன்றை 2024இல் வெளிப்படுத்தியது. ஒரு பகுதியினருக்குத் திறமைப் பொருத்தத்தைத் தளர்த்திப் பார்த்தனர். வல்லவரான பத்திலொரு பங்கினர் முன்னிலும் மிகுதியாகத் திரும்பி வந்தனர். எஞ்சிய ஒன்பது பங்கினரின் வருகை குறைந்தது. மெலியோர் ஓடிவிட்டால் வலியோர்க்கு வெல்ல ஆளேது? கடைக்காரரும் வாடிக்கையை இழப்பார்.

திறமையோடு தூரமும் காலமும் இக்கணக்கில் சேரும். திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,600 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடுமாதலால், வழி நேராக இருந்தாலும் அங்குள்ள கணினிக்குச் செய்தி போய்வர ஒரு செக்கனின் நாற்பதில் ஒரு பங்காவது செல்லும். கேபிள் வழியோ நேரன்று. ஆகையால் எதிராளி நிகரானவனாய் இருந்தால் மட்டும் போதாது. அண்மையிலும் இருத்தல் வேண்டும், விரைவிலும் கிடைத்தல் வேண்டும். மாலை ஏழு மணிக்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பின்னிரவில் ஆட்டக்காரர் அருகிவிட, காத்திருப்பு நீள நீளப் பல விளையாட்டுகளில் கணினி தன் வரம்பைத் தளர்த்தி, கிடைத்தவரை எதிரே நிறுத்திவிடும். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு இரவு இரண்டு மணிக்குக் களமிறங்கும் உவர்மலைப் பிள்ளைக்கு அவ்வேளையில் வாய்ப்பவன் அவனுக்கு நிகரானவனாக இருப்பது அரிது.