பச்சைக் குளமும் ரூஸ்வெல்ட்டின் கால்களும்

2016 ஆகஸ்ட் 9. ரியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான பத்து மீட்டர் ஜோடி டைவிங் போட்டி. அதுவரை நீலமாக மின்னிக்கொண்டிருந்த குளம், அன்று நம் ஊர்க் கோயில் தெப்பக்குளம்போலப் பச்சையாகக் கிடந்தது. குதித்த பெண்களுக்குத் தண்ணீருக்கடியில் பக்கத்தில் இருக்கும் ஜோடியே சரியாகத் தெரியவில்லை. சீனா தங்கம் வென்றது. ஆனால் உலகம் பேசியதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான். அடுத்த நாள் பக்கத்துக் குளமும் நிறம் மாறியது. அதில் ஆடிய வாட்டர் போலோ வீரர்கள் கண் எரிகிறது என்று புகார் செய்தார்கள்.

விசாரித்துப் பார்த்தால் விஷயம் சின்னது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஒப்பந்தக்காரர் ஒருவர் அந்தக் குளங்களில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருந்தார். அதுவும் கிருமிநாசினிதான், குளோரினும் கிருமிநாசினிதான். தனித்தனியே இருந்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள். ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். காவலுக்கு இருந்த குளோரின் காலியானதும் பாசிக்குக் கொண்டாட்டம். கடைசியில், இசைக்கேற்ப நீந்தும் கலைநீச்சல் போட்டிக்காக ஒரு குளத்தை முழுக்க வடித்துவிட்டு, பயிற்சிக் குளத்திலிருந்து சுமார் 37 லட்சம் லிட்டரை இறைத்து நிரப்பினார்கள். ஒலிம்பிக்குக்கே இந்தக் கதி என்றால், நம் தெருமுனை நீச்சல் குளத்தைப் பராமரிக்கிறவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம்.

அவர் வாளியில் கரைத்து ஊற்றும் பிளீச்சிங் பவுடரானாலும், கேனில் வரும் திரவக் குளோரினானாலும், தண்ணீரில் கலந்ததும் இரண்டு வடிவம் எடுக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். இது கிருமியைச் சட்டென்று கொல்லும். மற்றொன்று ஹைப்போகுளோரைட், மகா சோம்பேறி. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் அமில-காரத் தன்மை, அதாவது பி.எச். அது 7.5-ஐ ஒட்டி இருந்தால் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. 8-க்கு ஏறிவிட்டால் சுறுசுறுப்பான பங்கு கால்வாசியாகச் சுருங்கிவிடும். எவ்வளவு மருந்து போட்டாலும் தண்ணீர் தெளியவில்லை என்று சிலர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து குறைவாக இருக்காது. வேலை செய்யவிடாமல் காரம் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். மனிதக் கண்ணீரின் பி.எச். சுமார் 7.4 என்பதால் கண்ணுக்கும் அதுதான் இதம்.

வெயிலும் குளோரினுக்குப் பகை. நம் ஊர் மதிய வெயிலில், பாதுகாப்புக்கு வேறு ரசாயனம் சேர்க்காத திறந்தவெளிக் குளத்தின் குளோரின் சில மணி நேரத்திலேயே பெருமளவு சிதைந்துவிடும். அனுபவசாலிகள் மருந்து போடும் வேலையைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைப்பது இதனால்தான். இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒரே வாளியில் கலந்தால் கிளம்புவது நச்சுவாயு. நீச்சல் குளத்தில் மட்டுமல்ல, வீட்டுக் குளியலறையிலும் அப்படித்தான்.

குளத்துக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த 'குளோரின் வாடை'யைப் பலர் சுத்தத்தின் அடையாளமாக நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். சரியான அளவில் இருக்கும் குளோரின் அவ்வளவாக மணக்காது. வியர்வை, சிறுநீர், உடம்பில் பூசிய எண்ணெய், கிரீம் எல்லாம் தண்ணீரில் இறங்கி, அவற்றிலுள்ள நைட்ரஜன் சரக்கோடு குளோரின் சேரும்போது குளோரமீன்கள் உண்டாகின்றன. வாடையும் அதுதான், கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். வாடை தூக்கலாக இருந்தால் தண்ணீரில் மருந்து அதிகம் என்று அர்த்தமல்ல. மனிதர்கள் அதிகம் என்று அர்த்தம். குளத்தில் இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் நின்றுவிட்டு வரச் சொல்லி எழுதியிருக்கும் பலகையை யாரும் படிப்பதில்லை. குளத்தின் ரசாயனச் செலவைக் குறைக்க அதைவிட மலிவான வழியும் இல்லை.

குளோரினே இல்லாத தண்ணீர் மேல் என்று நினைத்துவிடவும் கூடாது. 2024-இல் கேரளத்தின் கோழிக்கோடு பகுதியில் சிறுவர்களைத் தாக்கிய மூளைக்காய்ச்சலுக்குக் காரணமானவை, வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் அமீபாக்கள். அந்தத் தண்ணீரைக் குடித்தால் இந்தக் காய்ச்சல் வராது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும். ஒழுங்காகக் குளோரின் போட்டுப் பராமரிக்கும் குளத்தில் அவை பிழைப்பது கடினம்.

தண்ணீரைச் சுத்தமாக வைப்பது ஒருவர் வேலை என்றால், அதில் மிதப்பது இன்னொருவர் பாடு. கிராமத்துக் கிணறுகளில் இடுப்பில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டி, பின்னாலிருந்து தள்ளிவிட்டுத்தான் நீச்சல் சொல்லித் தந்தார்கள். மிதப்பதில் நுரையீரலுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அந்தக் குடுக்கை சொல்லாமல் சொன்ன பாடம். காற்று நிரம்பிய மார்பு மிதக்கும், கால்கள் கனக்கும். ஆகவே உடம்பு ஒரு துலாக்கோல். மூச்சுக்காகப் பதறித் தலையைத் தூக்கினால் கால் தாழும். கால் தாழ்ந்தால் உடம்பு சாய்ந்து, முன்னே போகவேண்டிய உழைப்பெல்லாம் தண்ணீரைத் தள்ளுவதில் வீணாகும். 'எனக்குத் தெரிந்தது கடப்பாரை நீச்சல்தான்' என்று சிரிக்கிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாதது கையும் காலும் வீசுவதல்ல, தலையை எங்கே வைப்பது என்பதுதான். முகம் தரையைப் பார்க்க, மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே குமிழியாக விட்டுவிட்டு, உடம்போடு சேர்ந்து பக்கவாட்டில் திரும்பி வாயால் இழுக்க வேண்டும். வெளியே வந்தபிறகு மூச்சை விடவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்றால் நேரம் போதாது. புதியவர்கள் ஒரு நீளத்திலேயே திணறுவது பெரும்பாலும் இதனால்தான்.

தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். எனவே நல்ல நீச்சல் என்பது அதிகமாக உந்துவதைவிடக் குறைவாக உரசுவதில் இருக்கிறது. இதற்கு 2009-இல் ரோம் நகரம் சாட்சி சொன்னது. பாலியூரிதேன் பூசிய வழுவழு உடைகளோடு இறங்கிய வீரர்கள் அந்த உலகச் சாம்பியன் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகளை முறித்தார்கள். மறு ஆண்டிலேயே அத்தகைய உடைகளுக்குத் தடை வந்துவிட்டது.

இன்று உலகமே நீந்தும் ஃப்ரீஸ்டைலை முதலில் பார்த்தபோது இங்கிலாந்துக்காரர்கள் முகம் சுளித்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. 1844-இல் லண்டனில் இரண்டு வட அமெரிக்கப் பூர்வகுடியினர் கைகளை மாறி மாறி வீசி 130 அடியை 30 விநாடியில் கடந்து காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அந்த வேகத்தைவிடத் தண்ணீர் தெறித்ததுதான் உறுத்தியது. நாகரிகமான நீச்சல் என்றால் தவளைபோல் அமைதியாக நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்தான் என்று இருந்துவிட்டார்கள். அவர்கள் விசுவாசம் முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. மேத்யூ வெப் 1875-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது அந்தத் தவளை நீச்சலில்தான். 21 மணி 45 நிமிடம். சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-இல், 13 வயதுக்குள், ஒரே ஆண்டில் ஆறு கடல்வழிகளை நீந்தி முடித்தபோது காலம் வெகுதூரம் வந்திருந்தது.

வேகமாகப் போக நினைப்பவனுக்குத் தடையாக நிற்கும் அதே தண்ணீர், நிற்கவே முடியாதவனுக்குத் தாங்குகட்டை. தொப்புள் அளவுத் தண்ணீரில் நிற்பவரின் எடையில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீர் சுமக்கிறது. கழுத்தளவில், 70 கிலோ மனிதரின் கால்மூட்டு தாங்குவது ஏழெட்டுக் கிலோ. விழுந்தாலும் அடிபடாது. எந்தப் பக்கம் அசைத்தாலும் மெதுவான எதிர்ப்பு இருப்பதால் டம்பெல் இல்லாமலே தசைக்கு வேலை கிடைக்கும். மூட்டுத் தேய்மானத்துக்கு இது எவ்வளவு உதவும்? 2016-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வலியிலும் நடமாட்டத்திலும் சிறிய, குறுகிய கால முன்னேற்றம் கிடைக்கிறது என்றது. விளம்பரங்கள் சொல்லும் அற்புதமும் இல்லை, ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. கழுத்தளவுத் தண்ணீரின் அழுத்தம் ரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுவதால் இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

இந்தச் சிகிச்சைக்கு உலகப் புகழ் தேடித்தந்தவர் ஒரு நோயாளி. 1921-இல் 39 வயதில் போலியோ கண்டு கால் செயலிழந்தார் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே சுமார் 31 டிகிரி செல்சியஸ் சூட்டில் இயற்கை ஊற்று உண்டு. அந்தத் தண்ணீரில் அவரால் நிற்க முடிந்தது. கரையேறினால் மறுபடியும் சக்கர நாற்காலி. அந்தச் சில நிமிட நிற்றலுக்காகவே, 1926-இல் தன் சொத்தில் பெரும்பகுதியைக் கொட்டி அந்த இடத்தையே வாங்கினார். அவர் கால்கள் திரும்பவில்லை. ஆனால் அந்தக் குளத்தை நடத்த 1927-இல் தொடங்கிய அறக்கட்டளையிலிருந்தே பிற்பாடு தேசிய அளவிலான போலியோ ஒழிப்பு இயக்கம் கிளைத்தது. மக்கள் அனுப்பிய பத்து சென்ட் நாணயங்கள்தான் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆய்வுக்குப் பணமாயின. அந்த ஊற்றில் வெள்ளையர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கறுப்பினக் குழந்தைகளுக்காக டஸ்கீகியில் தனி மையம் திறக்க 1941 ஆயிற்று. ரூஸ்வெல்ட் இறந்தது வார்ம் ஸ்பிரிங்ஸில்தான், 1945 ஏப்ரல் 12. சரியாகப் பத்தாண்டு கழித்து, அதே நாளில் சால்க் தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவித்தார்கள்.

இப்போதைய சிகிச்சைக் குளங்கள் வழக்கமாக 33 முதல் 35 டிகிரியில் இருக்கும். பந்தயக் குளங்கள் 25 முதல் 28-க்குள். இந்த ஏழெட்டு டிகிரி நோயாளியின் தசையை இளக்குகிறது, பராமரிப்பவருக்குத்தான் தலைவலி. சூடான தண்ணீரில் கிருமி வேகமாகப் பெருகும், குளோரின் சீக்கிரம் தீரும், உடம்பு அதிகம் வியர்க்கும். இறங்குகிறவர்களோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள். அதனால் சாதாரணக் குளத்தைவிட அடிக்கடி அங்கே ஒரு சிறு குழாயில் தண்ணீர் மொண்டு, ஃபீனால் ரெட் சொட்டுகளை விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்கள். மஞ்சளாக மாறினால் அமிலம் கூடிவிட்டது, அடர்சிவப்பானால் காரம். நடுவில் ஓர் இளஞ்சிவப்பு வரும்வரை யாரையும் இறங்க விடுவதில்லை.