டிரெயிலரின் பின்விளக்கு எரியாவிடில் செய்யவேண்டுவன

கரும்பு அரவைப் பருவம் தொடங்கிவிட்டால், கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் சாலைகளில் இரவு வேளையிலும் டிராக்டர்கள் பாரத்துடன் ஆலையை நோக்கிச் செல்வதை யாவரும் அறிவர். முன்னே டிராக்டரின் விளக்கு ஒளி வீசுகின்றது; பின்னே வரும் டிரெயிலரோ பல வேளைகளில் இருளில் மூழ்கியிருக்கின்றது.

இதனால் விளையும் அபாயத்தை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். விளக்கில்லா டிரெயிலர் 40 மீட்டர் தொலைவில்தான் கண்ணுக்குப் புலப்படுகின்றதென்றால், ஓட்டுபவருக்குக் கிடைப்பது 2 விநாடிக்குச் சற்று அதிகமான நேரமே. பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரியவேண்டுமென 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. அவ்வாறு தெரிந்தால் அவருக்கு 9 விநாடி கிடைக்கும். ஓர் உயிர் பிழைப்பதும் போவதும் இந்த 7 விநாடியில் அடங்கியிருக்கின்றது.

"விளக்கு இருக்கிறது, ஆனால் எரியவில்லை" என்பதே நாம் பெரும்பாலும் கேட்கும் மறுமொழி. உடனே பல்பை மாற்றிப் பார்க்கின்றனர்; பயன் காணாது விட்டுவிடுகின்றனர். உண்மையில் பழுது பெரும்பாலும் பல்பில் இருப்பதில்லை. பிளக்கிலோ எர்த் இணைப்பிலோதான் இருக்கும். அதனைக் கண்டறிய அதிகச் செலவு வேண்டியதில்லை. ஒழுங்காகப் பார்க்கும் முறை தெரிந்தால் போதும்.

மின்சாரம் செல்லும் வழி

டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்சாரம் பியூஸ், சுவிட்சு ஆகியவற்றின் வழியே வண்டியின் பின்புறமுள்ள ஏழு முனைச் சாக்கெட்டை அடைகின்றது. அங்கிருந்து பிளக்கு, கம்பிகள் வழியாகப் பல்பைச் சேருகின்றது. பின்னர் எர்த் கம்பியின் வழியே பாட்டரிக்குத் திரும்புகின்றது. போகும் வழி, திரும்பும் வழி ஆகிய இரண்டில் எது அறுந்தாலும் விளக்கு எரியாது. கடைமடைக்கு நீர் வராவிடில் தலைமடையிலிருந்து பார்த்து வருவதுபோல், இங்கும் டிராக்டரிலிருந்து தொடங்கிப் பல்பு வரை வருதல் வேண்டும்.

பழுதின் குறிகள்

1. டிராக்டரின் பின்விளக்கும் டிரெயிலர் விளக்குகளும் சேர்ந்து அணைந்திருப்பின், முதலில் பியூஸைப் பார்க்கவேண்டும்.

2. டிராக்டரின் விளக்குகள் எரிந்து, டிரெயிலரில் மட்டும் ஒன்றும் எரியாவிடில், பிளக்கு அல்லது எர்த் பழுதாகியிருக்கும்.

3. ஒரு விளக்கு மட்டும் எரியாவிடில், பல்பு, அதன் ஹோல்டர், அதற்குரிய கம்பி இவற்றில் ஒன்று காரணமாகும்.

4. பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கினாலும், சம்பந்தமில்லாத விளக்கு இலேசாக ஒளிர்ந்தாலும், எர்த் கெட்டிருக்கிறதென்று கொள்ளலாம். திரும்பும் வழி கிட்டாத மின்சாரம் வேறொரு பல்பின் வழியே திரும்ப முயல்வதே இதற்குக் காரணம்.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பிவைக்க வேண்டும். ஹோல்டரில் பொருத்திய 12 வோல்ட் பல்பு ஒன்றும் அதிலிருந்து வரும் இரு கம்பிகளுமே சோதனை விளக்காகும். ஒரு கம்பியை டிராக்டரின் சுத்தமான இரும்புப் பகுதியில் இணைத்து, மற்றதைச் சாக்கெட்டின் முனைகளில் ஒவ்வொன்றாகத் தொடவேண்டும். உடனிருப்பவர் பின்விளக்கு, பிரேக், இண்டிகேட்டர் ஆகியவற்றை முறையே இயக்கவேண்டும். அதற்குரிய முனையில் சோதனை விளக்கு எரியுமானால் டிராக்டரில் குறையில்லை. பழுது பின்னால் இருக்கின்றது.

அடுத்து, பிளக்கின் பித்தளை முனைகளில் படிந்த பச்சைக் களிம்பை உப்புத்தாளால் தேய்த்து நீக்கவேண்டும். நடுவே பிளவுள்ள முனைகள் நெருங்கிப்போயிருந்தால் கத்தி நுனியால் சற்று விரித்துவிட்டால் இறுகப் பொருந்தும்.

பின்னர் எர்த்தைச் சோதிக்கலாம். டிராக்டரின் சுத்தமான இரும்பிலிருந்து தனிக் கம்பி ஒன்றை டிரெயிலர் விளக்கின் எர்த் முனைக்குக் கொடுத்தவுடன் விளக்கு எரிந்தால், எர்த்தே குற்றவாளி. அது டிரெயிலரில் பொருந்தும் இடத்தின் துருவையும் பெயிண்டையும் சுரண்டி, போல்ட்டை முறுக்கி, மேலே கிரீஸ் தடவவேண்டும். கொக்கியும் பின்னும் இரும்பாயிற்றே, அவையே எர்த்தாகாதா எனச் சிலர் கேட்பர். துருவும் கிரீஸும் மூடிய அவ்விடம் குலுங்குந்தோறும் தொடர்பு அறும். ஆதலின் தனி எர்த் கம்பி இன்றியமையாதது.

கம்பிகள் அறுவது கொக்கியருகே வளையும் இடத்திலும், இரும்புத் துளையில் நுழையும் இடத்திலுமேயாம். இறுதியாகப் பல்பைப் பார்க்கவேண்டும். 21/5 வாட் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை பின்விளக்குக்கும், 21 வாட் இழை பிரேக்குக்கும் உரியன. ஒன்று எரிவதால் மற்றதும் நன்றாயிருக்கிறதென்று எண்ணலாகாது.

பியூஸுக்குப் பதில் செப்புக் கம்பி வேண்டாம்

பியூஸ் மீண்டும் மீண்டும் போவது, எங்கோ கம்பி தோலுரிந்து இரும்பைத் தொடுகிறதென்னும் எச்சரிக்கையாகும். அங்கே செப்புக் கம்பியைச் சுற்றிவைத்தால், பியூஸ் எரிவதற்குப் பதிலாக வயரிங் முழுதும் எரியும். வைக்கோலோ கரும்புச் சோகையோ ஏற்றிய வண்டியில் இதன் விளைவைக் கூறவேண்டியதில்லை. அதே ஆம்பியர் கொண்ட பியூஸையே பொருத்தவேண்டும்.

ஊராட்சியின் பங்கு

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபை, அரவைப் பருவத்துக்கு முன் இதனை எடுத்துரைக்க ஏற்ற தருணம். ஒரு நாளைக் குறித்து, ஊரின் டிரெயிலர்களை ஓரிடத்தில் சேர்த்து, எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு உறுப்பினர்கள் முன்னின்று சோதிக்கச் செய்யலாம். சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர்களையும் அன்றே ஒட்டலாம். அவை மின்சாரமின்றி ஒளிர்பவை. எனினும் விளக்குக்குத் துணையேயன்றி மாற்றாகா. பின்னே தொங்கும் கரும்பு விளக்கை மறைக்குமாயின் இத்தனையும் வீண் என்பதை ஏற்றுவோரும் உணரவேண்டும்.

பொழுது சாய்வதற்கு முன் ஒருமுறை பின்னே சென்று விளக்கைப் பார்த்துவிட்டுப் புறப்படும் வழக்கம் ஒவ்வொரு டிராக்டர் ஓட்டுநருக்கும் வரவேண்டும். நம் பாரம் ஆலை சேருவதைப்போலவே, நம் பின்னால் வருபவரும் வீடு சேரவேண்டுமன்றோ!