நிலவிவரங்களின் வகைகளும் வரம்புகளும்

ஒரு கிராமத்தின் கிணறு, சாலை, குளம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் பதிவு செய்யும் முறைகள் இரண்டு. முதல் முறையில் கிணறு ஒரு புள்ளியாகவும், சாலை ஒரு கோடாகவும், குளம் எல்லைக்கோட்டால் சூழப்பட்ட பரப்பாகவும் அமைகின்றன. இது வெக்டர் வகை எனப்படும். இருப்பிடங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களால் குறிக்கப்படும். கிணற்றின் ஆழம், அதில் நீர் நிற்கும் மாதங்கள் போன்ற செய்திகள் அட்டவணையாக அதனுடன் இணைக்கப்படும்.

மற்றது ராஸ்டர் வகை. இதில் நிலம் முழுவதும் சமமான சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் அளிக்கப்படுகிறது. செயற்கைக் கோள் படத்தில் அவ்வெண் நிலத்திலிருந்து வரும் ஒளியின் அளவைக் காட்டும். உயர விவரத்தில் கடல் மட்டத்துக்கு மேலுள்ள உயரத்தைக் காட்டும்.

இவ்விரண்டிற்கும் தத்தம் வரம்புகள் உண்டு. ரிசோர்ஸ்சாட் செயற்கைக் கோளின் லிஸ்-3 கருவி எடுக்கும் படத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் 23.5 மீட்டர், பரப்பு சுமார் 550 சதுர மீட்டர். பக்கத்துக்கு 20 மீட்டர் கொண்ட குட்டையின் பரப்போ 400 சதுர மீட்டர்தான். அதன் நீரும் கரையும் ஒரே எண்ணில் கலந்துவிடக்கூடும். ஆகவே, படத்தில் தென்படாத காரணத்தால் அவ்விடத்தில் குட்டையே இல்லை என்று முடிவு கட்டலாகாது.

கோடும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. 1:50,000 அளவுள்ள நிலப்படத்தில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு 25 மீட்டரை மறைத்துவிடும். அக்கோட்டைக் கணிப்பொறியில் ஏற்றி எவ்வளவு பெரிதாக்கினாலும் துல்லியம் பெருகாது. அதைக் கொண்டு இரு குடியானவர்களின் வரப்புத் தகராறைத் தீர்க்க முற்படுவது ஒருவருக்கு அநீதியாக முடியும். அதற்குக் கிராம நில அளவைப் பதிவுகளே உரியவை.

அளவையின் அடிப்படையையும் கவனித்தல் வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவுருவை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக் கோள் வழி இடங்காட்டும் கருவிகள் பொதுவாக டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையைப் பின்பற்றுகின்றன. மாற்றிக் கணக்கிடாமல் இரண்டையும் கலந்தால் கிணறு தன் இடத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேலும் விலகிக் காணக்கூடும்.

ஆதலின், எந்த விவரத்தையும் கையாளுமுன் அதன் வகை, அளவு, அடிப்படை, சேகரித்த ஆண்டு ஆகிய நான்கையும் களப்பணியாளர் குறித்துக்கொள்ளல் நலம். ஆசிரியர்கள் கட்டத்தாளில் ஒரு குளத்தை வரையச் செய்து, பாதிக்கு மேல் நீர் உள்ள கட்டங்களை மட்டும் மாணவர்கள் நிரப்புமாறு கூறலாம். கட்டங்கள் பெரிதாகப் பெரிதாகக் கரையின் வடிவம் சிதைவதை அவர்கள் கண்கூடாகக் காண்பர்.