கடலடிச் செம்பும் கைவிட வேண்டிய முக்கால் பங்கும்

புது தில்லி: இந்தியப் பெருங்கடலின் அடித்தளத்தில் 10 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் சல்பைடு தாதுக்களை ஆய்வு செய்யும் உரிமையை, சர்வதேச கடற்படுகை ஆணையத்திடமிருந்து இந்தியா 2016 செப்டம்பர் 26-ல் பெற்றது. 15 ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் இது. ஆனால், அதிகம் பேசப்படாத நிபந்தனை ஒன்று இதில் உண்டு. 8 ஆண்டுகளுக்குள் பாதிப் பரப்பையும், 10 ஆண்டுகளுக்குள் முக்கால் பங்கையும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அசாதாரணச் சூழலில் ஆணையத்தின் கவுன்சில் அவகாசம் தரலாம். மற்றபடி 2026 செப்டம்பருக்குப் பிறகு எஞ்சுவது 2,500 சதுர கிலோமீட்டர்தான்.

எதைக் கைவிடுவது? இதற்குப் பதில் சொல்ல வேண்டியது புவிவேதியியல்.

கடலடி முகடுகளின் விரிசல் வழியே இறங்கும் கடல்நீர், கீழே 350 டிகிரிக்கு மேல் சூடாகி, பாறையிலுள்ள செம்பு, துத்தநாகம், தங்கம், வெள்ளி ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. 2 டிகிரி குளிர்நீரைத் தொட்டதும் கரும்புகைபோல் படிந்து, புகைபோக்கி வடிவில் வளர்கிறது. வெப்பம் மிகுந்த உட்பகுதியில் செம்பு. குளிர்ந்த வெளிப்புறத்தில் துத்தநாகம். ஆகவே மேலிருந்து பெயர்த்த ஒரு துண்டை வைத்து மேட்டின் மதிப்பைச் சொல்வது ஏமாற்றத்தில் முடியும்.

இங்கேதான் ஐசோடோப்புகள் உதவுகின்றன. கடல்நீரின் சல்பேட்டில் கனமான கந்தகம்-34 ஆயிரத்துக்கு 21 பங்கு அளவுக்குக் கூடுதல். எரிமலைப் பாறையின் கந்தகத்திலோ அந்த வேறுபாடு ஏறக்குறைய பூஜ்யம். தாதுவில் இவ்விரண்டும் கலந்துள்ள விகிதம் ஊற்றின் மூலத்தைக் காட்டுகிறது. யுரேனியம், தோரியம் அளவுகள் படிவின் வயதைச் சொல்கின்றன. இந்தியா ஆய்வு செய்யும் முகடுகள் மெதுவாக விலகுபவை. அத்தகைய இடங்களில் ஊற்றுகள் நெடுங்காலம் இயங்கிப் பெரும் மேடுகளை உருவாக்க வாய்ப்பு அதிகம்.

வயதைக் கணிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயிர்ப்புள்ள ஊற்றுகளைச் சார்ந்தே செதில்கால் நத்தை வாழ்கிறது. சுரங்க அச்சுறுத்தலால் 2019-ல் அது அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. கோவா, சென்னை விஞ்ஞானிகள் 2024 டிசம்பரில் 4,500 மீட்டர் ஆழத்தில் படமெடுத்ததும் உயிர்ப்புள்ள ஊற்றுதான். அணைந்த மேடுகளே அகழ்வுக்கு உரியவை எனில், எது அணைந்தது என்பதை முதலில் நிறுவ வேண்டும்.

ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2021-ல் ரூ.4,077 கோடி ஒதுக்கியது. அவைகளில் இந்தத் தொகையைக் கேட்டுப் பெறுவது எளிது. எந்தத் தொகுதிகளை எந்தச் சான்றின்பேரில் விடுகிறோம் என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

கார்ல்ஸ்பெர்க் முகட்டுக்காக 2025 செப்டம்பர் 15-ல் இரண்டாவது ஒப்பந்தமும் கையெழுத்தாகியுள்ளது. வணிக அகழ்வுக்கான விதிமுறைகளை ஆணையம் 2025 கூட்டத்தொடரிலும் நிறைவேற்றவில்லை.