மூச்சு தரும் கருவி: கடையில் வாங்கலாமா, இணையத்தில் வாங்கலாமா?

எங்கள் பல்கலைக்கழக முக்குளிப்புக் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் பயிற்சி முடிந்ததும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மீன்களைப் பற்றியோ பவளப்பாறைகளைப் பற்றியோ அல்ல. “சாதனங்களைக் கடையில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா?” என்பதுதான் அது.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. துணைப்பாட வகுப்பு நடத்தியும் விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்தும் சேர்த்த பணம் அது. கடையில் ஒரு விலை; கைப்பேசியைத் தட்டினால் அதே பொருள் வேறொரு விலை. காலணியாக இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால், தண்ணீருக்கு அடியில் நமக்கு மூச்சு தரும் கருவிக்கும் அதே கணக்கைப் போடலாமா?

இரண்டு ஆண்டுகளாகக் குழுவின் சாதன அறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் உள்ளது. கழுவுவது, காயவைப்பது, பழுது பார்க்கக் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். அந்த அனுபவத்தில் கற்றதை இங்கே பகிர்கிறேன்.

முதலில் வாடகை

புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை, உடனே எதையும் வாங்க வேண்டாம் என்பதே. சிங்கப்பூரிலிருந்து முக்குளிக்கச் செல்லும் மாணவர்களில் பலர் மெர்சிங் வழியாகத் தியோமானுக்குப் போகிறார்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம். கடல் கொந்தளிப்பதால் அந்தப் பக்கம் பயணங்கள் பெரும்பாலும் நின்றுவிடும். தேர்வுகளையும் கழித்துப் பார்த்தால் ஒரு மாணவர் ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை போனாலே அதிகம். எஞ்சிய மாதங்களில் சாதனம் வீவக வீட்டின் பொருள் அறையில், சலவைத்தூள் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ரப்பர் பாகங்கள் மெல்லக் கெட்டுப்போகும்.

பத்துப் பதினைந்து முறையாவது வாடகைச் சாதனத்துடன் முக்குளித்த பிறகே நமக்கு எது பொருந்துகிறது, எது உறுத்துகிறது என்பது தெரியவரும். அதற்குப் பிறகு வாங்கும் பொருள் வீணாவதில்லை.

முகத்துக்குப் பொருந்துவதைத் திரையில் பார்க்க முடியாது

சொந்தமாக வாங்கவேண்டிய முதல் பொருள் மாஸ்க். அதைக் கடைக்கு நேரில் போய்த்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் எளிது: ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொரு விதம்.

சோதிக்கும் முறையும் எளிது. வாரைத் தலையில் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். முடி எதுவும் இடையில் சிக்கக்கூடாது. கையை எடுத்த பிறகும் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். பிறகு, மூச்சுக்குழலின் வாய்ப்பகுதியைக் கவ்விக்கொண்டு மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். வாய் திறக்கும்போது கன்னத்தின் வடிவம் மாறும் என்பதால், முதல் சோதனையில் தேறிய மாஸ்க் இரண்டாவதில் தோற்பதுண்டு. காது அடைப்பை நீக்க, மாஸ்க்குக்கு வெளியிலிருந்தே மூக்கை விரல்களால் எளிதாகப் பிடிக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள்.

காலில் மாட்டும் ஃபின்ஸ், வெட்சூட் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ஐரோப்பிய நிறுவனங்களின் அளவு அட்டவணை நம் உடல்வாகுக்கு எப்போதும் ஒத்துவருவதில்லை. நம் வட்டாரக் கடல்நீர் பெரும்பாலும் 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பொதுவாக 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெட்சூட் போதும். குளிர்நாட்டு வாடிக்கையாளர்களுக்காக நடத்தப்படும் இணையத்தளத்தில் தள்ளுபடி என்று 7 மில்லிமீட்டர் உடையை வாங்கினால், படகில் ஏறுவதற்குள் வியர்த்துக் கொட்டிவிடும்.

ரெகுலேட்டர் என்ன செய்கிறது?

விலை விவாதம் சூடுபிடிப்பது ரெகுலேட்டரில்தான். அதன் வேலையைப் புரிந்துகொண்டால் முடிவெடுப்பது எளிதாகும்.

நிரப்பிய காற்றுக்கலனுக்குள் ஏறக்குறைய 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது சுமார் இரண்டரை பார்தான். கலனில் பொருத்தப்படும் முதல் நிலைப் பகுதி, அந்த 200 பாரைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலைப் பகுதி, நாம் மூச்சிழுக்கும்போது மட்டும் திறந்து, அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அடிப்படைப் பயிற்சி முடித்தவர்களுக்கான எல்லையான 18 மீட்டரில் அது 2.8 மடங்கு.

அங்கே கருவி மக்கர் செய்தால், விருட்டென்று மேலே வந்துவிடவும் முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக எழுந்தால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தனை பொறுப்பையும் சுமப்பது சில ரப்பர் வளையங்களும் ஒரு சிறிய வால்வும்தான்.

எங்கள் சாதனங்களைப் பராமரிக்கும் கடையில் வேலை செய்யும் அங்கிள் ஒருமுறை ரெகுலேட்டர் ஒன்றை என் கண் முன்னாலேயே கழற்றிக் காட்டினார். முதல் நிலையின் வாயிலில் இருக்கும் சிறிய வடிகட்டி பச்சை படிந்திருந்தது. “உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கழுவும்போது மூடியைச் சரியாகப் போடவில்லை,” என்றார். வெளியிலிருந்து பார்த்தால் அது புத்தம் புதியதுபோல் பளபளத்தது. அன்றிலிருந்து, இரண்டாங்கையாக விற்கப்படும் எந்த ரெகுலேட்டரின் படத்தை நண்பர்கள் காட்டினாலும், “வடிகட்டியைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்,” என்பதுதான் என் முதல் பதில்.

உண்மையான விலை என்ன?

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உள்ளூர்க் கடையில் ஒரு ரெகுலேட்டர் 700 வெள்ளி. வெளிநாட்டு இணையக் கடையில் அதே பொருள் 520 வெள்ளி. மிச்சம் 180 வெள்ளி என்று மனம் துள்ளும்.

அனுப்பும் செலவு 30 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 550. அதற்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி 49 வெள்ளி 50 காசு. முன்பு, விமானத்திலோ அஞ்சலிலோ வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு இந்த வரி இல்லை. 2023 ஜனவரி முதல், பதிவுபெற்ற வெளிநாட்டு விற்பனையாளர்கள் அவற்றுக்கும் வரி வசூலிக்கிறார்கள். 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருள்களுக்கு, அவை நாட்டுக்குள் வரும்போது வரி கட்டவேண்டும். விநியோக நிறுவனத்தின் கையாளும் கட்டணம் 20 வெள்ளி என்றால் தொகை 619 வெள்ளி 50 காசாகிறது.

அடுத்தது இணைப்பு. இது பலருக்குத் தெரிவதில்லை. ரெகுலேட்டரைக் கலனுடன் இணைக்க இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, கவ்விப் பிடிக்கும் ‘யோக்’ முறை. நம் வட்டாரத்தில் பரவலாக இருப்பது இது. மற்றொன்று, திருகிப் பொருத்தும் ‘டின்’ முறை, ஐரோப்பாவில் அதிகம். எங்கள் குழு நண்பர் ஒருவர் ஐரோப்பிய இணையக் கடையிலிருந்து வாங்கிய புது ரெகுலேட்டரை ஆசை ஆசையாகத் தியோமானுக்குக் கொண்டுவந்தார். அது ‘டின்’ வகை. அங்கிருந்த கலன்கள் எல்லாம் ‘யோக்’ வகை. இரண்டையும் இணைக்கும் மாற்றி எங்கள் யாரிடமும் இல்லை. புது ரெகுலேட்டர் இரண்டு நாளும் பைக்குள் இருந்தது. நண்பர் வாடகைக்கு ஒன்று எடுத்தார். அந்த மாற்றிக்கு 45 வெள்ளி என்று நம் கணக்கில் சேர்த்தால், 664 வெள்ளி 50 காசு. 180 வெள்ளியாகத் தெரிந்த மிச்சம் 35 வெள்ளி 50 காசாகச் சுருங்கிவிட்டது.

எல்லாப் பொருள்களுக்கும் கணக்கு இப்படித்தான் முடியும் என்று சொல்லமாட்டேன். 90 வெள்ளி விலையுள்ள நீர்புகா டார்ச் விளக்கு, இணையத்தில் வரியோடு சேர்த்து 60 வெள்ளிக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். கட்டணங்களைக் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கெட்டுப்போனால் யாரைக் கேட்பது?

சொந்த ரெகுலேட்டர் வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா விலையைக் கேட்கவில்லை. “வாங்கும்மா. ஆனா, கெட்டுப்போச்சுன்னா யார்கிட்ட போய்க் கேப்பே?” என்றார். முக்குளிப்பைப் பற்றி எதுவும் தெரியாத அம்மா கேட்ட அந்தக் கேள்விதான் இந்த விவாதத்தின் மையம் என்று இப்போது தோன்றுகிறது.

பல முக்குளிப்புச் சாதன நிறுவனங்கள், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்கிய பொருளுக்கு மட்டுமே உத்தரவாதம் தருகின்றன. வேறு வழியில் சந்தைக்கு வரும் பொருள் அசலாகவே இருந்தாலும், பழுதானால் நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம். ரெகுலேட்டரை ஆண்டுக்கொருமுறை அல்லது ஈராண்டுக்கொருமுறை பராமரிக்க வேண்டும். கால இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதற்கான உதிரிப்பாகங்களைப் பல நிறுவனங்கள் அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன. ஆகவே, வாங்கும் முன்பே அந்த ரகத்தைப் பராமரிக்கும் நிலையம் சிங்கப்பூரில் உள்ளதா என்று விசாரிப்பது நல்லது.

சட்டப் பாதுகாப்பும் உண்டு. ‘லெமன் லா’ எனப்படும் சட்டவிதிகள் 2012 செப்டம்பர் முதல் இங்கு நடப்பில் உள்ளன. பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று விற்பனையாளர்தான் நிரூபிக்க வேண்டும். பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படி கேட்கலாம். அது முடியாவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். ஆனால், வெளிநாட்டில் இருக்கும் விற்பனையாளரிடம் இந்த உரிமையை நிலைநாட்டுவது நடைமுறையில் சிரமம். தனிநபர்கள் இணையத்தில் விற்கும் இரண்டாங்கைப் பொருள்களுக்கு இந்த விதிகள் பொருந்தா.

கடைகளிலும் குறை உண்டு

இதையெல்லாம் படித்துவிட்டு நான் கடைக்காரர்களின் பக்கம் என்று நினைக்கவேண்டாம். பயிற்சி முடிந்த அன்றே முழுத் தொகுப்பையும் வாங்கினால் தள்ளுபடி என்று என் சக மாணவி ஒருவரை ஒரு கடை நெருக்கியது. பயிற்றுவிப்பாளர் பரிந்துரைப்பது பெரும்பாலும் தம் கடையில் உள்ள ரகமாகத்தான் இருக்கும். சிறிய உடல்வாகு கொண்ட பெண்களுக்கான அளவுகள் சில கடைகளில் கிடைப்பதில்லை. மாறாக, இணையத்தில் ரகங்கள் அதிகம். பயன்படுத்தியவர்களின் கருத்துகளை நிதானமாகப் படிக்கலாம். பக்கத்தில் நின்று யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள்.

அதே நேரத்தில், நம் பக்கமும் ஒரு பழக்கம் இருக்கிறது. கடைக்குப் போய் ஒரு மணி நேரம் ஐந்து மாஸ்க்குகளை மாட்டிப் பார்த்து, கடைக்காரரிடம் ஆலோசனை கேட்டு, பொருத்தமானதன் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து, இரவில் இணையத்தில் வாங்குவது. இதில் சட்டப்படி தவறில்லை. ஆனால், கடை வாடகையும் அவருடைய நேரமும் யார் கணக்கில் போகின்றன? எல்லாரும் இப்படியே செய்தால், அடுத்த ஆண்டு ரெகுலேட்டரைக் கழற்றி வடிகட்டியைக் காட்ட அந்த அங்கிள் அங்கே இருப்பாரா?

நான் பின்பற்றும் வழி வேறு. இணையத்தில் பார்த்த விலையைக் கடையில் வெளிப்படையாகச் சொல்லி, எவ்வளவு குறைக்க முடியும் என்று கேட்பேன். சில நேரம் விலை குறையும். சில நேரம் விலை குறையாது. முதல் பராமரிப்பை இலவசமாகச் செய்து தருவார்கள். ஒன்றுமே முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டு வருவேன். கேட்பதில் வெட்கமில்லை.

சுருக்கமாகச் சில குறிப்புகள்

மாஸ்க், ஃபின்ஸ், வெட்சூட்: நேரில் போட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்த கடையிலேயே வாங்குங்கள்.

ரெகுலேட்டர், மிதவை அங்கியான பிசிடி, முக்குளிப்புக் கணினி: கடையோ இணையமோ, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்பதை நிறுவனத்தின் பட்டியலில் சரிபாருங்கள். உள்ளூர்க் கடைகள் பலவும் இப்போது இணையம்வழி விற்கின்றன. இரண்டின் நன்மையும் அதில் கிடைக்கலாம். தொடர் எண்ணையும் ரசீதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டார்ச் விளக்கு, வலைப்பை, உலர்பை, கொக்கிகள்: மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கலாம்.

இரண்டாங்கைப் பொருள்: பிசிடியை முழுதாக ஊதி ஓர் இரவு வைத்துப் பாருங்கள், காலையில் தளர்ந்திருந்தால் வேண்டாம். ரெகுலேட்டர் என்றால், கடலில் இறங்கும் முன் பராமரிப்பு நிலையத்தில் கொடுத்துச் சோதிப்பது கட்டாயம். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள்.

எனக்கான ரெகுலேட்டரைக் கடைசியில் உள்ளூர்க் கடையில்தான் வாங்கினேன். இணைய விலையைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அந்தக் கூடுதல் தொகைக்கு, அம்மாவின் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல ஒரு முகவரி கிடைத்தது.